பெருந்துளை வேட்டைத் துப்பாக்கி

பெருந்துளை வேட்டைத் துப்பாக்கி என்பது யானை, காட்டெருது, புலி போன்ற பெரிய விலங்குகளைச் சுடுவதற்கென உருவாக்கப்பட்ட, அகன்ற குழல் துளையும் கனமான குண்டும் கொண்ட ரைபிள் வகை ஆகும். பொதுவாக .40 அங்குலம் (சுமார் 10 மிமீ) அல்லது அதற்கு மேற்பட்ட துளை உடையவை இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன. .375 அங்குல ரைபிள் இதன் எல்லையில் உள்ளது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் "பெருந்துளை" என்னும் சொல் .22 அங்குலத்தைவிடப் பெரிய ரைபிள்களைக் குறிக்கும். அது வேறு பொருள்.

இந்தியாவில் இன்று காணப்படும் இத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் காலத்தில் வாங்கப்பட்டுக் கைமாறி வந்த பழைய துப்பாக்கிகளாகும். வேட்டை தடை செய்யப்பட்டுவிட்டதால் இவற்றின் மூலப் பயன் மறைந்துவிட்டது. ஆயினும் இவை உரிமத்தின் கீழ் வாங்கவும் விற்கவும் படுகின்றன.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் கரும்வெடிமருந்து மட்டுமே இருந்ததால், துப்பாக்கியின் வலிமையைக் கூட்டக் குண்டின் எடையைக் கூட்டுவதே வழியாக இருந்தது. இலங்கையில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்குச் சுமார் 9.5 கிலோ எடையுள்ள நான்காம் எண் துளை ரைபிளைப் பயன்படுத்தினார். ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கு உருண்டைகள் வார்த்தால் கிடைக்கும் உருண்டையின் அளவே நான்காம் எண் துளை எனப்படும்.

1898இல் லண்டனைச் சேர்ந்த ரிக்பி நிறுவனம் கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்தும் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைபிளை வெளியிட்டது. சிறிய குண்டு மிகுந்த வேகத்தில் சென்றதால் பழைய பெரும் துப்பாக்கிகள் வழக்கொழிந்தன.

1907இல் ஆங்கிலேய அரசு .450 துளைத் துப்பாக்கிகளை இந்தியாவிற்கு இறக்குமதி செய்யத் தடை விதித்தது. படையினரின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் அதே துளை உடையவை என்பதால், தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குச் செல்லக்கூடும் என்று அரசு அஞ்சியது. இத்தடையைத் தவிர்க்கவே .465, .470, .475 போன்ற புதிய அளவுகள் உருவாக்கப்பட்டன. உலகெங்கும் அறியப்பட்ட .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இவ்வாறு இந்தியச் சட்டம் ஒன்றினால் பிறந்ததாகும்.

தமிழகத்தில்

சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) இயங்கிய ஓக்ஸ், பி. ஓர் ஆகிய வணிக நிறுவனங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தம் பெயர் பொறித்து விற்றன. அப்பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் காணப்படுகின்றன.

தமிழகக் காடுகளோடு தொடர்புடைய வேட்டைக்காரர்களுள் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) குறிப்பிடத்தக்கவர். அன்றைய சேலம் மாவட்டத்தின் சவளகிரி, அஞ்செட்டி பகுதிகளில் ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டது பற்றி அவர் நூல்கள் எழுதினார். அவருடைய துப்பாக்கி 1895 மாதிரி வின்செஸ்டர் .405 ஆகும். 1904இல் அறிமுகமான இதன் தோட்டா 19.4 கிராம் குண்டை வினாடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் செலுத்தியது.

சில அளவுகளின் ஒப்பீடு

.405 வின்செஸ்டர்: குண்டு 19.4 கிராம், ஆற்றல் சுமார் 4,350 ஜூல்.
.470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: குண்டு 32.4 கிராம், ஆற்றல் சுமார் 6,950 ஜூல்.
7.62 மிமீ நேட்டோ (படைத்துறைத் தோட்டா, ஒப்பீட்டிற்காக): குண்டு 9.5 கிராம், ஆற்றல் சுமார் 3,300 ஜூல்.

வாங்குதலும் சட்டமும்

படைக்கலச் சட்டம், 1959இன்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரும், மாநகரக் காவல் எல்லைகளில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். நசரத்பேட்டை, பூந்தமல்லி, அம்பத்தூர் முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் 2022இல் தொடங்கப்பட்ட ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன.

தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை உரிமம் பெற்ற மற்றொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கும் எண்ணத்தை மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே ஒப்படைக்க இயலும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இதனால் குடும்ப வழியாக வந்த துப்பாக்கிகள் பலவற்றை விற்கவோ ஒப்படைக்கவோ நேர்ந்தது. தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கோரப்படுவதும் வழக்கம்.

தனிநபர் இறக்குமதி 1980களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென .315, .30-06 அளவு ரைபிள்களைத் தயாரித்துள்ளன. இவை பெருந்துளை அல்ல. எனவே பெருந்துளைத் துப்பாக்கியை விரும்புவோருக்குப் பழையதை வாங்குவதே வழியாக உள்ளது.

பழைய துப்பாக்கியைச் சோதித்தல்

பழைய துப்பாக்கியில் மிகப் பெரிய இடர் தோட்டாப் பொருத்தமின்மையாகும். கரும்வெடிமருந்துக்கென 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட .450 ரைபிளிலும், கார்டைட்டுக்கென செய்யப்பட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைபிளிலும் தோட்டா உறையின் அளவு ஒன்றே. பின்னதன் தோட்டா முன்னதனுள் தடையின்றி நுழையும். ஆனால் அதன் அழுத்தத்தைப் பழைய குழல் தாங்காது வெடிக்கக்கூடும். ஆகவே தோட்டா உள்ளே செல்கிறது என்பது மட்டும் பொருத்தத்திற்குச் சான்றாகாது. குழலின் அடியில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலை பொறித்த முத்திரைகளைப் படித்து, அது எவ்வகை மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

இவை தவிரக் கவனிக்க வேண்டியவை:

குழலின் உட்புறம்: பழைய தோட்டாக்களின் எரியூட்டிகள் உப்புப் படிவை விட்டுச் செல்வதால் குழல் அரிக்கப்பட்டுப் புரிகள் தேய்ந்திருக்கலாம்.
அடைப்பு: இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழல்களுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஆட்டம் இருத்தல் ஆகாது.
மரக்கட்டை: பின்னுதைப்பினால் கைப்பிடிப் பகுதியிலும், இரும்பு மரத்தோடு சேரும் இடத்திலும் விரிசல் ஏற்படும்.
இரு குழல்களின் ஒருமுகம்: இரட்டைக்குழல்கள் ஒரு குறிப்பிட்ட மருந்தளவுக்கு ஏற்ப ஒரே புள்ளியில் சுடுமாறு இணைக்கப்பட்டவை. வேறு தோட்டாவைப் பயன்படுத்தினால் குண்டுகள் பிரிந்து செல்லும்.

சுடுதல்

கார்டைட் வெப்பத்தில் கூடுதல் அழுத்தம் தரும். இதனால் வெப்ப நாடுகளுக்கென மருந்து குறைக்கப்பட்ட தோட்டாக்கள் தனியே விற்கப்பட்டன. குளிர் நாட்டிற்கான தோட்டாவை இந்தியக் கோடையில் சுட்டபோது உறை அறையில் இறுகி வெளிவராமல் போனதுண்டு. வேட்டையாடுபவருக்கு இது உயிராபத்தாகும்.

இவ்வகைத் துப்பாக்கிகள் 4 முதல் 5 கிலோ எடை கொண்டவை. பின்னுதைப்பு மிகுதி என்பதால், படுத்துச் சுடுவதைத் தவிர்த்து, நின்றவாறு உயரமான தாங்கியில் ஊன்றிச் சுடுவது வழக்கம். காதுக் காப்பு இன்றியமையாதது. விசையை அழுத்தியும் பழைய தோட்டா வெடிக்கவில்லையெனில், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து ஒரு நிமிடமாவது காத்திருந்த பின்னரே திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

வேட்டைத் தடையும் இன்றைய நிலையும்

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 வேட்டையைக் கட்டுப்படுத்தியது. அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையே நீக்கியது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்லவோ பிடிக்கவோ தலைமை வனஉயிரினக் காப்பாளரின் ஆணை தேவை.

இம்மாற்றத்தை நீலகிரி மாவட்ட நிகழ்வுகள் காட்டுகின்றன. 2014 சனவரியில் தொட்டபெட்டா அருகே மூவரைக் கொன்ற புலி சுடப்பட்டது. 2021இல் மசினகுடி, கூடலூர் பகுதிகளில் மனிதர்களைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 என்னும் புலி, பல நாள் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசித் துப்பாக்கியால் உயிருடன் பிடிக்கப்பட்டது. ஆண்டர்சன் காலத்தில் .405 குண்டு செய்த வேலையை அங்கு மயக்க மருந்து செய்தது.

எனவே இன்று பழைய பெருந்துளைத் துப்பாக்கியை வாங்குபவர், காட்டில் சுடும் உரிமையை அதனுடன் பெறுவதில்லை. உரிமத்தில் குறித்த நோக்கத்திற்கும், அனுமதி பெற்ற சுடுதளத்திற்கும் உட்பட்டே அதனைப் பயன்படுத்த முடியும்.

இவற்றையும் பார்க்க

கென்னத் ஆண்டர்சன்
காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972
முதுமலை புலிகள் காப்பகம்