கித்துல்கல: க்வாய் நதியில் இல்லாத க்வாய் பாலம்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை முதலில் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில். அதன் பிறகு எத்தனை முறை என்று கணக்கே இல்லை. ஆபீஸ் வேலையாகக் கொழும்பு போனபோது ஒரு சனிக்கிழமை கையில் கிடைத்தது. நேராகக் கித்துல்கல.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் போகும் சாலையில், களனி ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். இன்று ரப்பர் படகுச் சவாரிக்குப் பெயர்போன இடம். சாலையிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கினால் ஆறு. பாலம் இல்லை. அது நின்ற இடத்தில் கான்கிரீட் அடித்தளங்கள் மட்டும் மிச்சம். அவ்வளவுதான். ஆனால் படம் பார்த்தவனுக்கு அந்த மலையும் ஆற்றின் வளைவும் போதும், அலெக் கின்னஸ் நடந்து வருவது தெரியும்.

டேவிட் லீன் இங்கே நிஜமான மரப் பாலம் கட்டி, 1957-ல் நிஜமான ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார். முதல் நாள் ஒரு கேமராமேன் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதால் வெடிக்க வைக்கவில்லை. ரயில் பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போய் அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் முட்டியது. அதைச் சரிசெய்து மறுநாள் வெடித்தார்கள். பார்வையாளர்களில் அன்றைய பிரதமர் பண்டாரநாயக்காவும் ஒருவர். படம் 7 ஆஸ்கர் வாங்கியது.

என்னைக் கூட்டிப்போன டிரைவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரர், அறுபது வயதிருக்கும். நான் அடித்தளத்தைப் போட்டோ எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "தம்பி, அந்த நெசப் பாலத்துல நம்ம ஆளுக வேல செஞ்சாங்களா?"

"செஞ்சாங்கண்ணே" என்றேன்.

"படத்துல காட்டுறாங்களா?"

பதில் தெரியும். ஆனால் இத்தனை முறை படம் பார்த்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உறைத்தது.

நிஜக் கதைக்கு வருவோம். பியர் பூல் 1952-ல் பிரெஞ்சில் எழுதிய நாவல்தான் படத்துக்கு மூலம். ஜப்பானியர்கள் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கி.மீ. ரயில் பாதையை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காஞ்சனபுரி அருகே கட்டிய பாலம் க்வாய் நதி மேலேயே இல்லை. அது மே க்லோங் ஆறு. படம் பார்த்துவிட்டுப் பயணிகள் க்வாய் பாலத்தைத் தேடி வர ஆரம்பித்ததும், 1960-ல் ஆற்றின் அந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்! கமாண்டோக்களும் பாலத்தைத் தகர்க்கவில்லை. 1945-ல் விமானக் குண்டுவீச்சில்தான் சேதமானது. பழுது பார்த்த பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

இதெல்லாம் சுவாரசியமான பிழைகள். பெரிய விடுபடல் வேறு. அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்களோடு மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்களும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலை இல்லாமல் போன சமயம். முதலில் கூலி தருவதாக ஆசை காட்டி அழைத்தார்கள், ஆள் போதாதபோது பிடித்தே கொண்டுபோனார்கள். மலேசியத் தமிழர்கள் இதை 'சயாம் மரண ரயில்' என்றே சொல்கிறார்கள்.

ஏன் இவர்கள் சாவு இவ்வளவு அதிகம்? கைதிகளிடம் ராணுவக் கட்டுப்பாடு இருந்தது, தங்களுக்குள்ளேயே டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வை, கக்கூஸை இங்கே வெட்டு என்று சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அது எதுவும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

இன்னொரு வித்தியாசம், பட்டியல். இறந்த கைதிகளின் பெயர்களை முகாம்களில் ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். அதனால்தான் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு வரிசையாகக் கல் நிற்கிறது. தமிழர்களுக்கு அப்படிக் குறித்து வைக்க யாரும் இல்லை.

திரும்பும்போது இதையெல்லாம் டிரைவரிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். "அங்க போனவங்களும் எங்க தாத்தாமாரு மாதிரி ஊர்லேருந்து கங்காணி கூட்டிட்டு வந்தவங்கதானே? எங்களுக்குக் கப்பல் இந்தப் பக்கம் திரும்புச்சு, அவ்வளவுதான்" என்றார். இதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

படம் இன்றும் பிடிக்கும், மறுபடி பார்ப்பேன். ஒன்றே ஒன்று: உங்கள் குடும்பத்திலும் மலாயா போய், 1942-க்குப் பிறகு கடிதம் நின்றுபோன யாராவது இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுப் பெயர், ஊர், தோட்டம் மூன்றையும் எழுதி வையுங்கள். அன்று யாரும் எழுதாத பட்டியல் அது. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.