தாத்தாவின் இருமல்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் கட்டிய கெல்டிரியாக் கோட்டையைப் பார்க்கப் போனேன். அங்கே புதர்தான் மிச்சம். ஆனால் கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் வேறொரு சரித்திரம் அகப்பட்டது. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துக் கொள்ளும் 'பாடு' வழக்கத்தை அவர் முப்பது மணி நேரம் சொன்னார். அத்தனையும் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

2004-ல் பெரியவர் காலமானார். பதினாறாம் நாளன்று அவர் குரலைக் கேட்க வேண்டுமென்று வீட்டார் ஆசைப்பட்டார்கள். கம்ப்யூட்டரையே டாக்ஸியில் ஏற்றிக் கொண்டு போனேன். சாலையின் லட்சணத்தைச் சொல்லத் தேவையில்லை.

பெட்டியை முடுக்கியதும் குரல் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் துண்டு துண்டாக வந்தது.

"அவரு ஒரு நாளும் இப்படித் திக்கினதில்லையே, ஐயா!" என்றார் அவர் மனைவி. பதிவே பாழாகி விட்டது என்று என் நெஞ்சு படபடத்தது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தான். "டிஸ்க்குக்குப் போற பட்டைக் கம்பி குலுக்கல்ல தளர்ந்திருக்கு, சார்" என்று அழுத்திப் பொருத்தினான். அப்படியும் திக்கல் நிற்கவில்லை!

காரணத்தை அவன் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த முதல் ஹார்டு டிஸ்க்கில் இருபத்துநான்கு அங்குலத் தட்டுகள் ஐம்பது. அது விநாடிக்குச் சுமார் 8,800 எழுத்துக்களைத் தந்தது. எங்கள் பெட்டியின் பாதையோ விநாடிக்குப் பத்துக் கோடி எழுத்துக்கள் வரை செல்லக் கூடியது. அந்த வேகத்துக்குக் காரணம், டிஸ்க்கின் சரக்கு நேரே நினைவகத்துக்குப் போவதுதான். பழைய முறையில் மூளைச் சில்லே ஒவ்வொரு கூடையாகத் தூக்கிச் சுமக்க வேண்டும். சுமக்கும்போது பேசவும் வேண்டுமென்றால் திக்காமல் என்ன செய்யும்?

போகும் சரக்குக்கெல்லாம் ஒரு கணக்குச் சீட்டு உண்டு. கூடையிலிருக்கும் இறாலை அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் எண்ணிப் பார்ப்பது போல. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் ஒரு தவறு. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், தவறுகள் ஆறு சேர்ந்தால் வேகத்தை ஒரு படி குறைப்பது விதி. இன்னும் சேர்ந்தால் இன்னும் ஒரு படி. கடைசியில் பழைய சுமைகூலி முறை. சரக்குச் சிதையக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கம்பியைச் சரிசெய்த பிறகும் அது பழைய கணக்கை மறப்பதில்லை. ஆயிரம் முறை ஒழுங்காக நடந்தாலும் ஆறு தவறும் ஏட்டிலேயே இருக்கும்.

"அப்போ என்ன செய்யறது, தம்பி?"

"ஏட்டைக் கிழிச்சிட வேண்டியதுதான், சார்."

சாதனங்களின் பட்டியலில் டிஸ்க் மாட்டியிருந்த வாய்க்கால் பெயரை நீக்கினான். டிஸ்க்கில் இருந்த எதையும் தொடவில்லை. பெட்டியை அணைத்து மறுபடி முடுக்கினான். அது அந்த வாய்க்காலைப் புதிதாய்க் கண்டது போல் விசாரித்து, பழைய வேகத்தையே கொடுத்தது. கம்பியைச் சரிசெய்யாமல் ஏட்டை மட்டும் கிழித்திருந்தால் ஆறு தவறும் மறுபடி சேர்ந்திருக்கும் என்றான்.

2003 முதல் வந்த சாட்டா டிஸ்க்குகள் அந்தப் பட்டைக் கம்பியையே ஒழித்து விட்டன. இன்று இந்த வைத்தியம் யாருக்கும் தேவைப்படாது.

அன்று பெரியவரின் குரல் ஏரிக்காற்றைப் போல் தங்குதடையின்றி வந்தது. நடுவே ஓர் இருமல். புத்தகத்துக்கு வேண்டாமென்று நான் வெட்டி எறிய நினைத்திருந்த இருமல்.

"அவருதான்!" என்று சொல்லி அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.