குண்டளைப் பள்ளத்தாக்கின் ஒரு சக்கரமும் கணினியில் வனையப்படும் வண்டிகளும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக ஏறும் சாலை டாப் ஸ்டேஷனை அடைகிறது. மேகம் பார்க்க வருவோரின் கூட்டம் அங்கு ஓய்வதில்லை. ஆனால் அந்த ஊர்ப்பெயரின் பின்பாதியில் நிற்கும் 'ஸ்டேஷன்' எதன் நிலையம் என்று கேட்போர் குறைவு.

அது தேயிலைப் பெட்டிகளின் நிலையம். 1902ஆம் ஆண்டில் மூணாறிலிருந்து அங்குவரை வண்டிப்பாதை வெட்டப்பட்டு, அதனோடு ஒற்றைத் தண்டவாளம் ஒன்றும் இடப்பட்டது. மூணாறு, மாட்டுப்பட்டித் தோட்டங்களின் தேயிலை அதன்வழியே மலைவிளிம்பை அடைந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு ஏறத்தாழ 5 கி.மீ. கீழே கொட்டகுடிக்கு இறங்கியது. வடத்தின் மேல்முனை டாப் ஸ்டேஷன் ஆனதால் கீழ்முனையும் பாட்டம் ஸ்டேஷன் எனப் பெயர் பெற்றது. கொட்டகுடியிலிருந்து போடிநாயக்கனூர் வரை மாட்டு வண்டி. அதற்கப்பால் ரயிலும் கப்பலும் இங்கிலாந்தும்.

இந்தத் தண்டவாளத்தை இந்தியாவின் முதல் மோனோரயில் என்பர். அச்சொல்லைக் கேட்டதும் மாநகரங்களில் தூண்களின்மேல் ஓடும் ரயிலை நினைப்பவர் ஏமாற்றமடைவார். இதை இழுத்தவை காளைகள். 'யூயிங் முறை' எனப்பட்ட அமைப்பு அது. வண்டியின் சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தின்மீது உருளும். பக்கவாட்டில் நீட்டப்பட்ட பெரிய சக்கரம் ஒன்று சாலையில் ஊன்றி, வண்டி சாயாமல் காக்கும். சுமையின் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்டவாளத்தின்மீதும், எஞ்சியது மட்டும் சாலைச் சக்கரத்தின்மீதும் விழவேண்டும் என்பதே இம்முறையின் உயிர்க்கணக்கு. இரும்பின்மேல் இரும்பு உருள்வதற்கு ஆகும் இழுவிசை, மண்சாலையில் சக்கரம் உருள்வதற்கு ஆவதில் சிறு பங்குதான். பருவமழையில் சேறாகும் மலைச்சாலையில் அந்த வேறுபாடு காளையின் கழுத்துக்குத் தெரியும். மாட்டுப்பட்டி என்ற பெயர் மாடுகளை அடைக்கும் பட்டியைக் குறிப்பது. மாடு இழுத்த தண்டவாளம் அவ்வூர் வழியே சென்றது தற்செயல். ஊர்ப்பெயருக்கு அதையே காரணமாகக் காட்டும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

1908இல் ஒற்றைத் தண்டவாளம் அகற்றப்பட்டு, 2 அடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் இடப்பட்டது. காளைகளின் இடத்திற்குச் சிறிய நீராவி இஞ்சின்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என நிலையங்கள் அமைந்தன. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், பெய்த பெருமழையில் அப்பாதை அழிந்தது. கேரளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் வெள்ளம் அது. பாதை மீண்டும் போடப்படவில்லை. இப்போது மாட்டுப்பட்டியில் காணும் அணை 1950களில் எழுந்தது. அணையும் ரயிலும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. நல்லதண்ணித் தோட்டத்தின் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் இஞ்சின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது.

இத்தகைய எச்சத்தைக் கொண்டு முழு வண்டியைக் கணினியில் எழுப்பும் ஆசை இக்காலத்துக்குரியது. ஸீபிரஷ், பிளெண்டர் முதலிய மென்பொருள்கள் அதை எளிதாக்கியுள்ளன. பழைய ஒளிப்படம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, தேர்ந்த கைவினைஞர் சில நாள்களில் துருவும் எண்ணெய்க் கறையும் படிந்த இஞ்சினைத் திரையில் நிறுத்திவிடுவார். பார்ப்பவர் அதை மூணாற்று இஞ்சின் என்றே நம்புவார். சிக்கல் அந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது.

இம்மென்பொருள்களின் தொழிலை ஆங்கிலம் சிற்பத்தோடு ஒப்பிடுகிறது. தமிழிலும் 'எண்ணிமச் சிற்பம்' என்ற ஆட்சி பரவிவருகிறது. செயலை நோக்கினால் 'வனைதல்' என்பதே பொருந்தும். கல்லைச் செதுக்குபவர் எடுத்துவிட்ட துணுக்கைத் திரும்ப ஒட்ட இயலாது. குயவரோ மண்ணை அமுக்கலாம், இழுக்கலாம், சேர்க்கலாம், மறுபடி உருட்டலாம். திரையில் இருப்பதும் அத்தகைய மண்தான். இலட்சக்கணக்கான சிறு தட்டைப் பரப்புகளால் ஆன வலை அது. தூரிகை படும் இடத்தில் புடைக்கும் அல்லது குழியும். முகமும் தசையும் துணிமடிப்பும் வனைவதற்கு உருவான முறை இது. அச்சாணி வனைவதற்கு உருவானதன்று.

எந்திர உறுப்பின் பிறப்பு வேறு. அது அளவிலிருந்து பிறக்கிறது. அதன் வடிவத்திற்குப் பொருள் தருவது பக்கத்து உறுப்பு. துளைக்கு அச்சும், அச்சுக்குத் துளையும் அளவுகோல். தமிழில் 'அச்சு' என்ற ஒரே சொல் சக்கரத்தைத் தாங்கும் தண்டையும் உருவத்தை வார்க்கும் கருவையும் குறிப்பது இங்கே நினைக்கத்தக்கது. உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூறு அறியும். மாற்று அச்சு என்ற எண்ணம் எழும் இடத்திலேயே ஒத்த அளவு என்ற எண்ணமும் எழுந்துவிடுகிறது. முறிந்ததன் இடத்தில் பொருந்தாத அச்சு வெறும் மரத்துண்டு.

கணினியில் வண்டியை வரையும் வரலாறும் அளவுகோலோடுதான் தொடங்கியது. 1972இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாந்தின் மாணவர்கள், அவருடைய மனைவியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் மேற்பரப்பிலேயே கோடுகள் வரைந்து, புள்ளிபுள்ளியாகக் கோல் வைத்து அளந்து கணினிக்குள் ஏற்றினர். அதற்கும் முன்பே பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தின் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பெசியேவும் காரின் வளைவைச் சமன்பாடாக்கும் வழியைக் கண்டிருந்தனர். பின்னர் இரு பாதைகள் பிரிந்தன. தொழிற்சாலைக்குச் சென்ற பாதை சமன்பாட்டையும் அளவையும் கைவிடவில்லை. திரைப்படத்திற்கும் விளையாட்டுக்கும் சென்ற பாதை கண்ணுக்குப் பட்டால் போதும் என்ற கொள்கையை ஏற்றது. வனையும் மென்பொருள்கள் இரண்டாம் பாதையின் பிள்ளைகள். வரலாற்று மீட்டுருவாக்கம் எந்தப் பாதையைச் சேர்ந்தது என்பது தீராத வழக்கு.

வழக்கின் கூர்மையை ஒரு சக்கரமே காட்டும். தட்டைப் பரப்புகளின் வலையில் உண்மையான வட்டம் கிடையாது. பல பக்கங்கள் கொண்ட பலகோணமே உண்டு. 600 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தை 32 பக்கங்களால் அமைத்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1.4 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். 64 பக்கங்களாக்கினால் அது 0.36 மி.மீ. ஆகக் குறையும். கண்ணுக்கு இரண்டும் வட்டமே. மி.மீ.யின் நூறிலொரு பங்கில் பேசும் தாங்கிக்கோ இரண்டுமே வட்டமல்ல. வலையை மேலும் மேலும் பிரித்து மென்மையாக்கும்போது மற்றொரு தீங்கு நேர்கிறது. கூர்விளிம்புகள் வழவழத்துவிடும், கடைசல் எந்திரத்தில் சீவிய இரும்பு, சப்பி எறிந்த மிட்டாயைப்போல் தோன்றும். அதைத் தடுக்க விளிம்பையொட்டி நெருக்கமாகக் கூடுதல் கோடுகளை இடுவர். இத்தொழிலில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் அந்தக் கோடுகளை எங்கே இடுவது என்று அறிவதே.

கண்ணுக்குப் படாத பிழை இதனினும் பெரிது. இரட்டைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் சக்கரத்தின் உருள்பரப்பு தட்டையன்று. மெல்லிய கூம்புச்சரிவு கொண்டது. 20க்கு 1 என்பது பரவலான சரிவளவு. வளைவில் வெளிச்சக்கரம் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளுவதால், ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்ட இரு சக்கரங்களும் சறுக்காமல் திரும்புகின்றன. மூணாறு போன்ற வளைவு நிறைந்த மலைப்பாதையில் இது உயிர்நாடி. ஏறத்தாழ 3 பாகைச் சரிவை ஒளிப்படத்தில் காண்பது அரிது. ஆகவே படத்தைப் பார்த்து வனைபவர் அதை உருளையாகவே அமைத்துவிடுவார். ஒற்றைத் தண்டவாளத்திலோ இணைச் சக்கரமே இல்லை. அங்கே சக்கரம் தண்டவாளத்தைவிட்டு நழுவாதிருக்க இருபுறமும் விளிம்பு வேண்டும். எனவே சக்கரம் ஒன்றின் குறுக்குவெட்டைப் பார்த்தாலே அது 1902க்கு உரியதா 1908க்கு உரியதா என்று சொல்லிவிடலாம். வடிவமே அங்கு ஆவணம். அதை அழகுக்காக மாற்றுவது கல்வெட்டில் எழுத்தைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் கூறியபின், வனையும் முறையைப் பழிப்பதும் நேர்மையாகாது. அக்கால இஞ்சினின் பல உறுப்புகள் வார்ப்பிரும்பு. வார்ப்பின் முன்னோடி மரத்தில் கையால் செய்த மாதிரி. கோயம்புத்தூர் பவுண்டரிகளில் 'பேட்டர்ன்' எனப்படுவது. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மாதிரியை ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு பெரிதாகச் செய்வர். 600 மி.மீ. சக்கரத்திற்கு மாதிரி 606 மி.மீ. இருக்கும். மணலிலிருந்து சிதையாமல் எடுக்கப் பக்கங்களில் சிறு சாய்வு வைப்பர். உள்மூலைகளைக் கூராக விட்டால் ஆறும் இரும்பு அங்கே விரிசல் விடும். ஆதலால் அவற்றை உருட்டிவிடுவர். இந்த உருண்ட மூலைகள், மணலின் சொரசொரப்பு, இரு பாதிகள் சேர்ந்த கோடு ஆகியவற்றை வனையும் தூரிகை இயல்பாகத் தருகிறது. சமன்பாட்டு மென்பொருளோ தன் தூய்மையால் அவற்றை மறந்துவிடுகிறது. பழைய வார்ப்பு உறுப்பைப் பொறுத்தவரை, மரத்தச்சரின் கைக்கு வனைபவரின் கையே நெருங்கிய உறவு.

எஞ்சிய சக்கரத்தைப் பல கோணங்களில் படமெடுத்து, அப்படங்களிலிருந்தே கணினி உருவம் பெறுவதும் இன்று இயலும். அங்கேயும் ஓர் இடர் காத்திருக்கிறது. பெற்ற உருவம் கரடுமுரடாக இருக்கும். அதை மென்மையாக்கும் தூரிகையால் ஒருமுறை தடவினால் அழகாகிவிடும். அந்தக் கரடுமுரடில் எது படமெடுப்பின் பிழை, எது ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்த தடம் என்று பிரித்தறியாத கை, சக்கரத்தின் வாழ்க்கைக் குறிப்பையே துடைத்துவிடும். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்தது என்பதில் வளைவுகளின் கதை இருக்கிறது.

மீட்டெடுத்தவர்கள் எதைக் கையில் வைத்திருந்தார்கள் என்று பார்ப்பது பயன்தரும். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. அவ்வகையில் புதிய இஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் செய்து அளித்தது. மூல இஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உறுப்புகளைக் கழற்றி அளக்க முடிந்தது. இங்கிலாந்தில் ஒன்றுகூட எஞ்சாது உடைக்கப்பட்ட ஓர் இஞ்சின் வகையை, பழைய வரைபடங்களைக் கொண்டு 2008இல் 'டொர்னேடோ' என்ற பெயரில் புதிதாகச் செய்து முடித்தனர். ஒருவரிடம் பொருள் இருந்தது, மற்றவரிடம் தாள் இருந்தது. குண்டளைக்குக் காட்சியில் இருப்பது சக்கரம்.

எனவே கடன் வாங்க நேரும். காளை வண்டிக்கு நெருங்கிய உறவு பஞ்சாபின் பட்டியாலா அரசு அமைத்த ஒற்றைத் தண்டவாளம். அதுவும் யூயிங் முறையே; 1907 முதல் 1927 வரை ஓடியது. அதன் இஞ்சின்களைப் பெர்லினின் ஓரன்ஸ்டைன் - கோப்பல் நிறுவனம் செய்தது. 1962இல் துருப்பிடித்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட எச்சங்களிலிருந்து ஓர் இஞ்சின் அமிர்தசரஸ் பணிமனையில் சீராக்கப்பட்டு, தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அளக்கக்கூடிய யூயிங் சக்கரம் வேண்டுவோர் அங்கே செல்லலாம். ஆனால் பட்டியாலா சமவெளி. மாட்டுப்பட்டிப் பாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாறிலிருந்து 1,700 மீட்டருக்கு மேற்பட்ட விளிம்புக்கு ஏறுவது. திரும்பும் வண்டி இறங்கவேண்டும். இறங்கும் வண்டிக்குத் தடை வேண்டும். பட்டியாலா வண்டியை அப்படியே நகலெடுத்துக் குண்டளைச் சரிவில் நிறுத்தும் ஒவ்வொரு கணினி உருவமும், காளையின் முதுகில் வண்டியை மோதவிடும் உருவமாகும்.

அளந்தது, கடன் வாங்கியது, ஊகித்தது ஆகிய மூன்றையும் பார்ப்பவர் பிரித்தறியும்படி காட்டவேண்டும் என்பது, 2006இல் தொடங்கி 2009இல் திருத்தப்பெற்ற லண்டன் சாசனத்தின் கோரிக்கை. மூன்று நிறம் போதும். அவ்வாறு நிறமிட்டால் குண்டளை வண்டியின் பெரும்பகுதி ஊகத்தின் நிறத்திலேயே நிற்கும். காணொளிக்கு அது கவர்ச்சியாக இராது. துருவும் கறையும் பூசிய உருவமே அதிகம் பகிரப்படும். பகிரப்பட்டது நாளடைவில் பாடநூலுக்கும் சுற்றுலாப் பலகைக்கும் ஏறும். அங்கிருந்து அதை இறக்குவது கடினம்.

இன்னொன்று, பெயர். பிளெண்டரில் உறுப்பொன்றை உருவாக்கியவுடன் மென்பொருள் தானே ஒரு பெயர் இடும்: சிலிண்டர்.014, கியூப்.027. அவசரத்தில் செய்தவர்கள் அப்படியே விட்டுவிடுவர். அந்த வண்டியை ஓட்டவும் சுமையேற்றவும் காளையைப் பூட்டவும் செய்த தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழகத்துத் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்கள். வண்டிச்சக்கரத்தின் நடுப்பகுதி குடம், அதிலிருந்து விரிவது ஆரக்கால், ஆரக்கால்களைச் சூழ்வது வட்டை, அதன்மேல் இறுக்கிய இரும்பு பட்டா, சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி என்று ஒவ்வோர் உறுப்பையும் பெயர்சொல்லி அறிந்த ஊர்களின் மக்கள் அவர்கள். சாலையில் ஊன்றி ஓடிய அந்தப் பெரிய சக்கரத்தை வனைபவர், கோப்பைச் சேமிக்கும் முன் சிலிண்டர்.014ஐ அழித்துவிட்டுக் குடம் என்று எழுத ஒரு நொடிக்குமேல் ஆகாது.