வகுப்பறையும் வான்வழியும்

நெய்வேலியின் வரலாற்றைக் கூறுவோர் பழுப்பு நிலக்கரியையே முதலில் கூறுவர். 1956-இல் நிறுவனம் தோன்றியதும், 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியதும் மாணவர்கள் அறிந்தவையே. அந்நகரியத்தில் நெடுநாள் வரலாற்றாசிரியனாக இருந்த நான் கூறப் புகுவது வேறொரு வரலாறு.

தொலைவிலிருந்து கற்பிப்பது புதியதன்று. வானொலி நெடுங்காலமாகவே பள்ளிகளுக்கென நிகழ்ச்சிகளை ஒலிபரப்பி வந்துள்ளது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. அவ்வாறனுள் தமிழ்நாடு இல்லை. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் விண்ணில் ஏவப்பட்டது. 2019-இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. இவற்றால் என் தொழில் பெரிதும் மாறவில்லை. பெட்டி பேசும், மாணவர் கேட்பர், நான் ஓரமாக நிற்பேன்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோதோ, நானே பெட்டிக்குள் புக வேண்டியதாயிற்று! ஓய்வு பெறும் வயதை நெருங்கிய எனக்கு என் மகளே ஆசிரியை ஆனாள். 1999-இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினேன். இணையவழி முதல் வகுப்பில் 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியைக் கால்மணி நேரம் முழங்கினேன். ஒலிவாங்கியைத் திறக்கவேயில்லை என்பது பின்னரே தெரிந்தது. "குறுக்கிட அஞ்சினோம், ஐயா" என்றனர் பிள்ளைகள்.

அதனினும் பெரிய தவறு ஒன்றைச் சில வாரங்கள் கழித்தே உணர்ந்தேன். நகரியத்துக்கு வெளியே சிற்றூரிலிருந்து வரும் ஒரு மாணவன் ஒருநாளும் திரையில் தோன்றவில்லை. அக்கறையற்றவன் என்றே எண்ணிவிட்டேன். உண்மையில், அவன் வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியான அவன் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார், திரும்புவது இரவில்தான். காணொளியைப் பெறுவதற்கான செலவும் அவர்களுக்கு மிகுதி.

ஆகவே பாடத்தைக் குரலாக மட்டும் பதிந்து, இரவு எட்டு மணிக்கு அனுப்பலானேன். ஒருவகையில் பழைய வானொலிக்கே திரும்பினேன் எனலாம். பதில் வரவில்லை, கேட்கிறானா என்பதும் தெரியவில்லை.

2021 ஜனவரி 19-ஆம் நாள் பத்தாம் வகுப்பு மீண்டும் திறந்தது. அவன் ஒரு குறிப்பேட்டை நீட்டினான். பக்கந்தோறும் ஓரத்தில் வினாக்கள்; என் பதிவு விடை கூறாமல் கடந்து சென்ற வினாக்கள். "கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் வெளியே செய்தி அனுப்ப வழி இருந்ததா?" என்பது முதல் வினா.

செய்தி வெளியே சென்றது என்றேன். ஆனால் அது ஆங்கிலேயர் ஆற்காட்டுக்கு அனுப்பிய செய்தி. அதைக் கேட்டே கில்லஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்தான். அவன் அமர்ந்து எழுதிக்கொண்டான். அடுத்த வினாவுக்குப் பக்கத்தைத் திருப்பினேன்.