கட்டாக்காலியும் கைக்கயிறும்

இலங்கைத் தமிழில் ‘கட்டாக்காலி’ என்றால் இன்று பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தெருநாய். சொல் பிறந்தது நாய்க்காக அல்ல. காலி என்பது மாட்டுக்கூட்டத்துக்குப் பழைய பெயர். கட்டப்படாமல் திரியும் மாடு கட்டாக்காலி. (கொழும்பின் காலி வீதிக்கும் இந்தக் காலிக்கும் உறவில்லை. அது காலி நகருக்குப் போகும் வீதி.) மாட்டின் பெயர் நாய்க்குப் போனதற்குள் கொழும்பு நகரத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. தெருவில் எந்த விலங்கு கயிற்றோடு நடக்கவேண்டும், அந்தக் கயிறு யாருடைய நன்மைக்கு என்பதன் வரலாறு அது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வளரும் முயலின் மார்ப்பட்டி அந்த வரிசையில் கடைசியாக வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொழும்பின் பாரத்தைச் சுமந்தவை மாடுகள். 1867இல் கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கும்வரை மலைநாட்டுக் கோப்பியின் பெரும்பகுதி இரட்டை மாட்டு வண்டிகளில்தான் துறைமுகத்துக்கு இறங்கியது. ரயில் வந்தபின்னும் பண்டகசாலைக்கும் துறைமுகத்துக்கும் இடையே மூட்டைகளை இழுத்தவை மாடுகளே. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாரவண்டி போகாத தெரு அரிது. ஆள் ஏறிப்போக ஒற்றை மாடு பூட்டிய திருக்கல் இருந்தது.

இந்த மாட்டை நடத்தியது மூக்கணாங்கயிறு. மூக்குத் தண்டின் மென்சதையில் துளையிட்டுக் கோத்த கயிற்றை ஒரு சிறுவன் சற்று இழுத்தாலும் பெரிய எருது திரும்பும். வலிக்கும் என்ற அச்சமே அதன் கடிவாளம். கட்டாமல் விட்ட மாட்டுக்குச் சட்டமும் வந்தது. 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச்சட்டப்படி, அயலார் காணிக்குள் புகுந்த மாட்டைப் பிடித்துவைத்து உரிமையாளரிடம் நட்டஈடு கேட்கலாம். அச்சட்டத்தின் கவலை பயிரைப் பற்றியது, மாட்டைப் பற்றியது அல்ல.

அதே காலத்தில் கொழும்பில் மாடு மரியாதையோடு நடந்த நாளும் ஒன்று உண்டு. கொள்ளைநோய் அச்சத்தால் கதிர்காம யாத்திரை தடைப்பட்டபோது 1874இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆடிவேல் விழாவில், செட்டியார் தெருக் கோயிலிலிருந்து புறப்படும் வேல் இரதத்தை மாலை சூட்டிய வெள்ளை எருதுகள் காலி வீதி வழியே தெற்கு நோக்கி இழுத்துச் சென்றன. 1899இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, பிறகு லொறியும் வந்தபின், கொழும்புத் தெருவில் எருதைப் பார்க்க ஆடிவேலுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாயின் கதையில் கயிற்றுக்கு வேறு காரணம். நாய் வண்டி இழுக்கவில்லை, பயிரையும் மேயவில்லை. அது கடித்தது, கடித்தவற்றுள் சில விசர்நாய்கள். 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடிக் கட்டளைச்சட்டம் நோய் பிடித்த நாயைக் கொல்லவும், நோய் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அலைந்து திரியும் நாய்களை ஒழிக்கவும் அதிகாரம் கொடுத்தது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் அதைப் பதிவு செய்யவேண்டும் என்றது. பிரித்தானியாவில் அப்போது இதைவிடக் கடுமையான நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. நாய்களுக்கு வாய்க்கூடு கட்டும் ஆணையை 1897 முதல் விடாப்பிடியாக நடைமுறைப்படுத்தி, 1902இல் அத்தீவு விசர்நோயிலிருந்து விடுபட்டது. சட்டங்கள் வந்தும் கொழும்பு அதே இடத்தை அடையவில்லை.

அதற்குக் காரணம் ஒழுங்கை நாய். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஓர் ஒழுங்கைக்கு இரண்டு மூன்று நாய்கள் இருக்கும். ஒரு வீடு காலையில் பாண் துண்டு போடும், இன்னொரு வீடு இரவில் மிஞ்சிய சோறு போடும். எவரும் தம் நாய் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் நாய்பிடிகாரர் வண்டி வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் குரல் எழும். வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டே வகை வைத்த சட்டத்தில் இந்த நாய்க்கு இடமே இல்லை. ஆங்கில ஆட்சிக்கு இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொன்றொழிக்க முனைந்தபோது பார்சிகள் திரண்டெழுந்து நகரையே நிறுத்தினார்கள். கொழும்பில் கலவரம் நடக்கவில்லை. நாயைப் பதிவு செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அப்படி ஒரு நகரத்தில் கழுத்துப்பட்டி அலங்காரம் ஆகாது. பட்டி கட்டிய நாய்க்கு வீடு உண்டு, கேட்க ஆள் உண்டு. பட்டியில்லாத கழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தோர் தொகை 377. 1975இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதை முதன்மையாக்கியது. இறப்பு பின்னர் ஐம்பதுக்கும் கீழே வந்தது. 2006இல் நாய்களைக் கொல்வதில்லை என்று அரசு முடிவெடுத்து, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் பழகிய வழியைக் கைவிட்ட இந்த முடிவே கொழும்பு நாயின் வரலாற்றில் பெரிய திருப்பம். அதன்பின் தெருவில் நாயின் உயிரைத் தீர்மானிப்பது கழுத்துப்பட்டி அல்ல, ஊசி.

அந்த ஊசியின் வரலாற்றில்தான் முயல் முதலில் தலைகாட்டுகிறது. 1885 யூலையில் பாரிஸில் ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் செலுத்திய மருந்து, விசர்நோய் ஏற்றப்பட்ட முயல்களின் முள்ளந்தண்டு வடத்தை உலர்த்தி எடுத்தது. 1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசிக்கும் தொடக்கத்தில் முயலின் மூளையே பயன்பட்டது. பிறகுதான் ஆடு வந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று கொழும்பில் பிள்ளைகளைப் பயமுறுத்திய அந்த ஊசி இந்த வழிவந்ததே. சந்தேகத்துக்குரிய நாயின் தலை இன்றும் பரிசோதனைக்கு அனுப்பப்படுவது பொறளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு. 1900இல் நுண்ணுயிரியல் நிறுவனமாகத் தொடங்கியது அது.

செல்லப்பிராணியாக முயல் வந்த பாதை வேறு. தமிழில் முயல் என்ற ஒரே சொல் இரண்டு விலங்குகளைக் குறிப்பது இங்கே குழப்பம் தருகிறது. இலங்கைக் காடுகளிலும் தரவைகளிலும் ஓடும் கறுப்புப் பிடரி முயல் வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கடையில் கூட்டில் விற்கப்படுவது ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து உலகெங்கும் போன குழிமுயல். குட்டி வெறுந்தோலோடு, கண் மூடிப் பிறக்கும். மனிதரோடு பழகுவது இரண்டாவது வகை மட்டுமே. நிலவில் தெரிவதாகப் பாட்டிமார் காட்டிய முயலோ முதலாவது. போர்த்துக்கேயர் பதினைந்தாம் நூற்றாண்டில் போர்ட்டோ சாண்டோ தீவில் விட்ட குழிமுயல்கள் பெருகிப் பயிர்களைத் தின்று தீர்த்தன. அவர்கள் பின்னர் கரையோரத்தை ஆண்ட இலங்கையில் அப்படி நடக்கவில்லை. இங்கே குழிமுயல் கூட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

முயலுக்குக் கயிறு கட்டி உலாவிய பழைய சான்றுகளில் ஒன்று எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பொட்டருடையது. பெஞ்சமின் பவுன்சர் என்ற தம் முயலைத் தோல்வாரில் பிடித்தபடி அவர் நிற்கும் படம் 1891 அளவில் எடுக்கப்பட்டது. கொழும்பில் விசர்நாய்ச் சட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. முறையான பயிற்சியைத் தொடங்கியவர்கள் சுவீடன்காரர்கள். 1970களில் குதிரைப் போட்டியின் விதிகளைத் தழுவி அவர்கள் அமைத்த முயல் தாண்டல் போட்டியில் முயலுக்கு மார்ப்பட்டியும் தளர்ந்த கயிறும் இருக்கவேண்டும். இழுத்துத் தாண்டவைக்கக் கூடாது. 1997இல் டென்மார்க்கின் ஹெர்னிங்கில் ஒரு முயல் 99.5 சென்ரிமீற்றர் உயரம் தாண்டியது. 1988இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட வீட்டு முயல் சங்கம் முயலைக் கூட்டிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவரும் பழக்கத்தைப் பரப்பியது.

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளுக்கு இந்தப் பழக்கம் பொருந்துகிறது. முற்றமும் வளவும் போன இடத்தில் நாய்க்குப் பதிலாகக் குரைக்காத, பதிவு கேட்காத பிராணி வசதியானது. சிக்கல் நடைக்குக் கொண்டுபோகும்போது தொடங்குகிறது. நாய்க்கு வாங்கிய கழுத்துப்பட்டியை முயலுக்கு மாட்டுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் சுமார் 8 சதவீதம். பூனையினது அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எலும்பு மெலிது, பின்கால் தசையோ வலிது. கழுத்தில் கயிறு இறுக, முயல் துள்ளி உதைத்தால் தன் உதையாலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். ஆகவே நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி அழுத்தத்தைப் பகிரும், சட்டை போன்ற துணி மார்ப்பட்டியே ஏற்றது. இழுக்க இழுக்க இறுகும் மெல்லிய வார்கள் ஆகாது. பட்டிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் போதும். குட்டிக்கு மாட்டக் கூடாது. உடல் முழு அளவு வளர்ந்தபின் தொடங்கலாம்.

பழக்குவதில் அவசரம் உதவாது. முதல் சில நாள் மார்ப்பட்டியைத் தீனிக்குப் பக்கத்தில் போட்டுவைத்தால் முயல் அதை முகர்ந்து, தாடையால் தேய்த்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பிறகு முதுகில் வெறுமனே வைத்து, மல்லிக்கீரையோ வல்லாரையோ ஒரு கிள்ளுக் கொடுத்து எடுத்துவிடவேண்டும். கொளுவியைப் பூட்டுவது அதற்கும் பிறகு. வீட்டுக்குள், ஐந்து நிமிடம். கயிற்றைக் கோப்பது இன்னும் பிறகு. முயல் தரையோடு ஒட்டி அசையாமல் கிடந்தால் பணிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பணிவு அல்ல, அச்சம். பின்காலால் தரையைத் தட்டினாலும் அன்றைய பாடத்தை அத்தோடு நிறுத்தவேண்டும். இரண்டு மூன்று வாரம் பிடிப்பது இயல்பு. பயிற்சி என்று சொன்னாலும் பாதிப் பாடம் மனிதருக்குத்தான்: மாட்டை ஆள் திருப்பினார், நாயும் ஆளும் சேர்ந்து நடந்தார்கள், முயலோடு போகும்போது முயல் போகும் பக்கம் ஆள்தான் போகவேண்டும். கயிறு வழிகாட்ட அல்ல, தொலைந்துபோகாமல் காக்க.

அந்தக் கயிற்றை மாட்டைப்போலத் தூணில் கட்டிவிட்டு உள்ளே போகவே கூடாது. திடுக்கிட்டு ஓடும் முயல் கயிறு முடியும் இடத்தில் முழு வேகத்தோடு சுண்டப்படும். கையில் பிடித்திருப்பவர் இரண்டு எட்டு கூட ஓடினால் அது நடக்காது.

கொழும்பின் வெயில் முயலுக்கு எதிரி. அது மனிதரைப்போல் வியர்ப்பதில்லை, காதின் இரத்தக்குழாய்கள் வழியே சூட்டை இறக்குகிறது. 28 பாகைக்கு மேல் திணறத் தொடங்கும். கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுதும் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. நாய்க்கு இருப்பது போன்ற பாதத் திண்டும் முயலுக்குக் கிடையாது, ரோமம் மட்டுமே. மொட்டைமாடிக் கொங்கிறீற்றிலும் தார் வீதியிலும் பாதம் வெந்துபோகும். ஆகவே விடியற்காலை அல்லது மாலை மங்கும் நேரம்தான். மொட்டைமாடியில் காகமும் பருந்தும் இருக்கும். கீழே ஒழுங்கையில் பூனையும், மேலே சொன்ன ஒழுங்கை நாயும் இருக்கும். நாய் தொடாமல் குரைத்தாலே அதிர்ச்சியில் முயல் இறந்துவிடலாம். தெருவோரப் புல்லைத் தின்னவிடுவதும் நல்லதல்ல. பல நாய்கள் போய்வந்த இடம் அது.

1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம் வீட்டில் வளர்க்கப்படும் எல்லா விலங்கையும் தன் வரையறைக்குள் வைத்தது. மாட்டுக்கும் நாய்க்கும் வந்ததுபோல் முயலுக்குத் தனிச்சட்டம் ஏதும் எழுதப்படவில்லை.

நடை முடிந்து மார்ப்பட்டியைக் கழற்றியதும் பட்டி பட்ட இடங்களை முயல் நக்கிச் சீராக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் முன்கால் இடுக்கில் ரோமம் தேய்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்திருந்தால் மறுநாள் நடை வேண்டாம்.