விருதுநகர்ச் சரக்கும் அதைச் சோதித்தவர்களும்

விருதுநகரில் உணவுச் சரக்கின் தரம் பார்ப்பது நெடுங்காலம் தனி உத்தியோகமாக இருந்ததில்லை. வாங்குகிற வியாபாரியே அதைப் பார்த்துக்கொண்டார். விருதுபட்டி என்று வழங்கிய இந்த ஊர், 1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை வந்தபின் கரிசல் காட்டு விளைச்சல் வந்து சேரும் மண்டியாக வளர்ந்தது. 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறியது. மிளகாய் வத்தல், மல்லி, எள், நிலக்கடலை, துவரை எல்லாம் இங்குள்ள கிட்டங்கிகளில் அடுக்கப்பட்டன. சிவகாசித் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உதவிய அதே வறண்ட காற்றுதான் வத்தல் காயவும் துணை நின்றது.

அந்தக் காலத்துச் சோதனைக் கருவி குத்தூசி. நுனி கூராகவும் உடல் குழிவாகவும் உள்ள இந்த இரும்பை மூட்டையின் நடுவயிற்றில் செருகி இழுத்தால், சாக்கு கிழியாமல் உள்ளிருக்கும் தானியம் கைக்கு வரும். மேலே நல்ல சரக்கைப் பரப்பி உள்ளே சொத்தையைத் திணித்திருந்தால் அகப்பட்டுவிடும். எள்ளை வாயில் போட்டு மெல்வார்கள்; மல்லியை உள்ளங்கையில் கசக்கி முகர்வார்கள். வத்தலைக் காதருகே குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். ஈரம் இருந்தால் சத்தம் வராது. கிட்டங்கிக்குள் பெண்கள் சொளகில் புடைத்து, காம்பு கிள்ளி, வெளுத்த வத்தலைத் தனியே ஒதுக்கினார்கள். தரக்கட்டுப்பாட்டின் வரலாற்றை எழுதும்போது அவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது. ஆனால் இவ்வளவும் விலைக்காக நடந்த சோதனை. சாப்பிடுகிறவரின் உடம்பு அந்தக் கணக்கில் நேரடியாக வரவில்லை.

உடம்பைக் கணக்கில் கொண்டது சட்டம். சென்னை மாகாணத்தில் 1918-இல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 1937-இல் விளைபொருள் தரம் பிரித்தல், முத்திரையிடல் சட்டம் வந்தது. அக்மார்க் முத்திரை அதன் வழியே பிறந்தது. தாவர எண்ணெய்களுக்கான அக்மார்க் விதிகள் 1955-இல் வெளியாயின. முத்திரை வேண்டுமென்று யாரையும் அரசு கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதை விரும்பிய எண்ணெய் வியாபாரிக்கு ஆய்வகமும், அங்கீகாரம் பெற்ற கெமிஸ்ட் ஒருவரும் வேண்டியிருந்தது. எண்ணெய் மில்லுக்குள் படித்த சோதனைக்காரர் ஒருவர் சம்பளத்துக்கு உட்காரும் வழக்கம் இப்படி வந்தது. 1947-இல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் தொடங்கிய வி.வி.வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் இந்த ஊரிலேயே அறிவியல் படிக்க வழி செய்தன.

நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தக் காலத்துச் சோதனைகளில் நல்லெண்ணெய்க்கு ஒரு விசேஷ இடம் உண்டு. நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் பார்வைக்குத் தெரியாது. அதனால் வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. நெய்யோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஃபர்ஃப்யூரலையும் சேர்த்துக் குலுக்கினால், வனஸ்பதி கலந்திருக்கும்போது அதிலுள்ள நல்லெண்ணெய் சிவந்து காட்டிக்கொடுக்கும். துவரம்பருப்பில் பூசிய மெட்டானில் மஞ்சளையும் அதே அமிலம் இளஞ்சிவப்பாக்கிக் காட்டும். மண்டிக்காரரின் நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்க முடியாத கலப்படம் பெருகப் பெருகத்தான் கெமிஸ்டின் வேலையும் பெருகியது.

அதன் கொடிய சான்று 1998-இல் டெல்லியில் கிடைத்தது. பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் கைகால் வீங்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு வந்த சமையல் எண்ணெய்ப் பொட்டல ஆணை, சில்லறையில் அளந்து ஊற்றும் வழக்கத்தைத் தடுத்தது. பொட்டலமிடுவோருக்குச் சோதனை வசதியும் கட்டாயமானது. டெல்லியில் நேர்ந்த மரணங்கள் தெற்கே செக்கு மில் வரைக்கும் விதிகளை மாற்றின.

அடுத்த அழுத்தம் கடல் கடந்து வந்தது. 2003-இல் இந்திய மிளகாய்த்தூளில் சூடான் சாயம் இருப்பதாகப் பிரான்ஸ் அறிவித்தது. தோலுக்கும் மெழுகுக்கும் நிறமேற்றும் பொருள் அது. ஐரோப்பா சான்றிதழ் கேட்டது. நறுமணப் பொருள் வாரியம் ஏற்றுமதி மிளகாய்க்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2005-இல் இதே சாயத்துக்காகப் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இன்னொரு கவலை அஃப்லடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, நிலக்கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பூஞ்சையின் நஞ்சாக இது அடையாளம் காணப்பட்டது. இதன் B1 வகை ஒரு கிலோ வத்தலில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. வெறுந்தரையில் காயவிட்டு, பனியில் நனைந்த வத்தலில் பூஞ்சை பிடிக்கும். குத்தூசிக்கு அகப்படாத இந்த நஞ்சைக் காயப்போடும் களத்திலேயே தடுத்தால்தான் உண்டு. ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது தாமதமான காரியம்.

2006-இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலில் உள்ளது. பழைய உணவு ஆய்வாளரின் இடத்துக்கு உணவு பாதுகாப்பு அலுவலர் வந்தார். அவர் மாதிரி எடுக்கும்போது விலை கொடுத்து, அதை நான்காகப் பிரித்து, கட்டி முத்திரையிடுகிறார். பழைய சட்டத்தில் மூன்று பங்குதான். நான்காவது பங்கு, வியாபாரி கேட்டுக்கொண்டால் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். குற்றம் சாட்டப்படுகிறவருக்கும் சோதனை உரிமை தந்த நல்ல மாற்றம் இது.

தொழிற்சாலைக்குள்ளும் படித்தவருக்கான பதவி உறுதியானது. உரிமம் பெற்ற உற்பத்தியாளர் வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் அல்லது உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒருவரையாவது மேற்பார்வைக்கு வைக்க வேண்டும். 2017-இல் தொடங்கிய பயிற்சித் திட்டப்படி 25 பணியாளருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும். சாத்தூர் சேவு, புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போன்றவற்றைச் சிறு கூடங்களில் செய்பவர்களிடம் அத்தனை ஆட்கள் இருக்க மாட்டார்கள். அங்கே பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வருவதும், திரும்பி வந்து அடுப்படியில் நிற்பதும் பெரும்பாலும் முதலாளியே.