பல நகரங்களில் பணி: ஈ.எஸ்.ஐ. பதிவும் ஒப்பந்தத் தொழிலாளர் உரிமையும்

சென்னையில் தலைமை அலுவலகமும் மதுரையிலும் கோவையிலும் கிளைகளும் கொண்ட தூய்மைப்பணி ஒப்பந்த நிறுவனம், ஈ.எஸ்.ஐ. பதிவைத் தலைமை அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ள இயலாது. கிளைகளுக்குத் துணைக் குறியீட்டு எண் பெற்று, அங்குப் பணிபுரிவோரையும் பதிவு செய்தல் வேண்டும். மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோர் இத்திட்டத்திற்கு உரியவர்கள். 2019 ஜூலை முதல் நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு; தொழிலாளரின் பங்கு 0.75 விழுக்காடு.

பொறுப்பு ஒப்பந்ததாரரோடு முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கான பங்களிப்பையும் முதன்மை வேலையளிப்பவரே முதலில் செலுத்த வேண்டும். பின்னர் அதனை ஒப்பந்ததாரரிடம் பெற்றுக்கொள்ளலாம் என்பதே 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நெறி.

தூய்மைப் பணியாளர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். சட்டம் தடை செய்த பின்னரும் கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் தொடர்கின்றன. பணியின்போது காப்பீட்டாளர் இறந்தால், அவரைச் சார்ந்தோருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும். பெயர் பதியப்படவில்லையெனில், அவர் அங்குப் பணிபுரிந்தார் என்பதை மெய்ப்பிக்கவே குடும்பம் அலைய நேரிடும்.

ஊர் மாறினாலும் காப்பீட்டு எண் மாறுவதில்லை. ஊதியத்தில் பிடிக்கப்பட்ட தொகை அவ்வெண்ணில் வரவு வைக்கப்பட்டுள்ளதா என்பதை ஒவ்வொரு தொழிலாளரும் சரிபார்த்தல் வேண்டும். அதற்குத் துணைநிற்பது தொழிற்சங்கங்களின் கடமை.